கூண்டின் நியாயம்

கூண்டுக் கிளியைக் கண்டு பெருமூச்சு விடாத கதாசிரியன் எங்கள் கூட்டத்தில் கிடையாது. கதாநாயகியின் மனத்தவிப்பைச் சொல்ல வேண்டுமா? ஜன்னலோரம் ஒரு கூண்டைத் தொங்கவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். அதனால் மிருகக் காட்சிச் சாலை என்றாலே எங்களுக்குச் சிறைச்சாலை நினைவுதான். ஆனால் இந்தச் சுலபமான நியாயத்துக்குள் அடங்காத பறவை ஒன்று இருக்கிறது.

கலிபோர்னியா காண்டார் என்று அதற்குப் பெயர். அமெரிக்கக் கழுகு. சிறகை விரித்தால் ஒன்பது அடிக்கு மேல். செத்த பிராணிகளைத் தின்று காட்டைச் சுத்தமாக வைப்பது அதன் உத்தியோகம். வேட்டைக்காரன் சுட்ட மிருகத்தின் உடலில் ஈயக் குண்டின் துணுக்குகள் தங்கிவிடும். இறைச்சியோடு அந்த ஈயமும் வயிற்றுக்குள் போய் விஷமாகிக் கொல்லும். இதோடு வேறு காரணங்களும் சேர்ந்து, 1982-ல் உலகத்திலேயே 22 காண்டார்கள்தாம் எஞ்சின.

எல்லாவற்றையும் பிடித்துவந்து, கூண்டில் வைத்து இனத்தைப் பெருக்கலாம் என்றார்கள் சிலர். இயற்கையை நேசித்தவர்களுக்குள்ளேயே வழக்கு மூண்டது. டேவிட் பிரவர் போன்றவர்கள் பலமாக எதிர்த்தார்கள். மலையும் வானமும் இல்லாமல் காண்டார் ஏது? அழிவதானாலும் மானத்தோடு அழியட்டும் என்பது அந்தக் கட்சி. கேட்கும்போது நெஞ்சு அந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஆனால், மானத்தோடு சாவதென்ற முடிவைப் பறவைக்காக நாம் எடுப்பதாவது! அதன் இரையில் ஈயத்தை வைத்ததும் நாம்தானே?

1987 ஏப்ரலில் கடைசிக் காண்டாரும் பிடிபட்டது. மொத்தம் 27. வானம் வெறிச்சோடிப் போயிற்று.

அப்புறம்தான் கூண்டுக்காரர்களின் கெட்டிக்காரத்தனம் வெளிப்பட்டது. காண்டார் ஒரு தடவைக்கு ஒரே முட்டைதான் இடும். அதை எடுத்துவிட்டால் இன்னொன்று இடும். ஸான்டியாகோவிலும் லாஸ் ஏஞ்ஜலஸிலும் முதல் முட்டையை எடுத்து இன்குபேட்டரில் பொரித்தார்கள். குஞ்சு மனிதனைத் தாயென்று நம்பிவிடக் கூடாதே! காண்டார் தலைபோல் பொம்மை செய்து, கையில் மாட்டிக்கொண்டு, மறைவில் நின்று ஊட்டினார்கள். 1992 முதல் மறுபடியும் வெளியே பறக்கவிட்டார்கள். இன்று 500-க்கு மேல் இருக்கின்றன. பாதிக்கு மேற்பட்டவை திறந்த வானத்தில்.

ஒவ்வொரு பறவையின் வம்சாவளியையும் குறித்து, ரத்தத்தையும் சோதித்து வைத்ததால் இன்னொரு விந்தையும் வெளிவந்தது. தகப்பன் இல்லாமலே, தாயின் முட்டையிலிருந்தே இரண்டு குஞ்சுகள் பிறந்திருந்தனவாம். 2021-ல் விஞ்ஞானிகள் இதை அறிவித்தார்கள். புராணத்தில் படித்திருந்தால் சிரித்திருப்போம்!

கூண்டெல்லாம் இப்படிப் புண்ணியம் கட்டிக்கொண்டதில்லை. 1914-ல் ஸின்ஸினாட்டி மிருகக் காட்சிச் சாலையில் மார்த்தா என்ற புறா இறந்தது. கோடிக் கணக்கில் வானத்தை மறைத்துப் பறந்த பயணிப் புறா இனத்தில் அதுவே கடைசி. அங்கே கூண்டுக்கு வேடிக்கை காட்டவும் துக்கம் காக்கவும்தான் முடிந்தது. காண்டாருக்கோ, 27 இருக்கும்போதே கை நீண்டது.

இருந்தும் கதை சுபமாக முடிந்துவிடவில்லை. 2019 முதல் கலிபோர்னியாவில் வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாதென்று சட்டம் இருக்கிறது. ஆனாலும் காண்டார்களை ஈயம் இன்னும் கொல்கிறது. விட்ட பறவைகளையே திரும்பப் பிடித்து, ரத்தம் பார்த்து, வைத்தியம் செய்து அனுப்புகிறார்கள். கூண்டு வைத்தவன் தன் கடனைத் தீர்த்துக்கொண்டிருக்கிறான். துப்பாக்கி வைத்திருப்பவன் கணக்குத்தான் இன்னும் பாக்கி.