4096 பைட்டுக்குள் ஒரு பனை

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் எம் தமையனார் பெங்களூரிலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்தனர். கைப்பேசி விளையாட்டுகளை ஆக்கும் நிறுவனம் ஒன்றில் ஏழாண்டுகளாக நிரலாளராய் இருப்பவர் அவர். வரும்பொழுதெல்லாம் அன்னையார்க்கு ஒரு சேலையும், தந்தையார்க்கு ஒரு பேனாவும், எமக்குச் சில நூல்களும் கொணர்வது அவர் வழக்கம். இம்முறையும் அவை யாவும் வந்தன. அவருடைய பேச்சு மட்டும் வரவில்லை. அவரும் அவரைச் சேர்ந்தோரும் ஈராண்டு இராப்பகலாய் உழைத்து ஆக்கிய விளையாட்டொன்றை, இலாபம் தாராது என்று கண்டு, நிறுவனத்தார் வெளியிடாமலே கைவிட்டனர் என்பது மூன்றாம் நாளில்தான் எமக்குத் தெரிந்தது. வேலை போகவில்லை, சம்பளமும் நிற்கவில்லை. ஆயினும், ஈராண்டு உழைப்பு ஒரு கண்ணும் காணாமல் மறைந்து போவதென்றால் அதனைத் துக்கமென்று சொல்லலாமோ கூடாதோ என்று அறியாமல், வீட்டில் யாவரும் அவரைச் சுற்றி அடிமேல் அடிவைத்து நடந்து வந்தோம். அவர் மேசைமேல், வேலையினின்று விலகுவதாகப் பாதி எழுதிய கடிதமொன்று கிடந்தது. அதனை யாம் கண்டோம், கண்டதாகச் சொல்லவில்லை.

இரவெல்லாம் அவர் அறையில் விளக்கெரிந்தது. தந்தையார் பள்ளியாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். விளக்கு வீணே எரிவதைப் பொறார். ஐந்தாம் நாள் கதவைத் திறந்து, "ஏலே, லீவுலயும் ஆபீஸ் வேலையா?" என்றார்.

"ஆபீஸ் வேலை இல்லப்பா. சும்மா ஒரு விளையாட்டு எழுதுதேன்."

"பகல்ல எழுதுததும் விளையாட்டு, ராத்திரி எழுதுததும் விளையாட்டா? இதுக்கு எவன் கூலி தாரான்?"

"ஒருத்தரும் தரல."

தந்தையார் விளக்கை அணைத்துவிட்டுச் சென்றார். கணினித் திரையின் ஒளியிலேயே தமையனார் தம் வேலையைத் தொடர்ந்தனர்.

இங்ஙனம் கூலியை எதிர்பாராமல், வழக்கொழிந்த பழைய யந்திரங்களுக்கு வீட்டிலிருந்தே புதிய விளையாட்டுகளை எழுதுவோர் பல நாடுகளிலும் உளர். அவர்தம் ஆக்கங்களை 'ஹோம்ப்ரூ' என வழங்குவர். வீட்டிற் காய்ச்சிய மது என்பதே அச்சொல்லின் முதற்பொருள் என்று தமையனார் உணவு வேளையில் விளக்கப் புகுந்தது பெரும் பிழையாயிற்று. அன்னையார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். எம் பாட்டனார் பனையேறியாயிருந்தும் பதநீரன்றிக் கள்ளிறக்கியவரல்லர் என்பது எம் குடும்பத்தின் பெருமைகளுள் தலையாயது. சொல் வேறு, பொருள் வேறு என்று தமிழ் ஆனர்ஸ் பயிலும் யாம் இடைபுகுந்து அமைதி கூற வேண்டியிருந்தது.

தமையனார் எழுதியது அட்டாரி 2600 என்னும் யந்திரத்துக்கு. 1977-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டில் விற்பனைக்கு வந்த இது தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடுவதற்குரியது. இதன் நினைவகம் 128 பைட். அத்தொகையின் சிறுமை எமக்குப் புலப்படாமை கண்டு, அவர் ஒரு தாளை நீட்டித் திருக்குறளின் முதற் குறளை எழுதச் சொன்னார். இக்காலக் கணினிகள் தமிழைப் பதியும் முறையில், மெய்யின் புள்ளியையும் உயிர்மெய்யின் துணைக்குறியையும் தனித்தனியே எண்ணின் அக்குறளில் 39 குறிகள் உள. குறி ஒன்றுக்கு 3 பைட்டாக 117; ஏழு சீர்க்கிடையே ஆறு இடைவெளி; ஆக 123. "ஒரு குறள் உள்ளே போயிட்டு. மீதி அஞ்சு பைட்டுலதான் ஆளு நடக்கணும், குளவி பறக்கணும், கணக்கு ஏறணும்" என்றார். நாலடி வெண்பா ஒன்று அதனுள் நுழையவே நுழையாது.

நினைவகம் இத்துணைச் சிறிதாகலின், முழுப் படத்தையும் ஓரிடத்தில் எழுதி வைத்துக்கொண்டு காட்டுதல் இவ்யந்திரத்துக்கு இயலாது. பழைய தொலைக்காட்சிப் பெட்டியுள் எலெக்ட்ரான் கற்றை ஒன்று மேலிருந்து கீழாக வரிவரியாய் ஓடும். அமெரிக்க முறையில் ஒரு படத்துக்கு 262 வரி. அவற்றுள் விளையாட்டுக்கு வழக்கமாய்ப் பயன்படுவன 192. ஒரு நொடிக்கு ஏறத்தாழ 60 படம். கற்றை ஒரு வரியைக் கடக்குமளவில் செயலிக்குக் கிடைப்பன 76 துடிப்புகள். அதற்குள் அவ்வரியில் எது, எந்நிறத்தில் தோன்ற வேண்டும் என்பதை நிரல் சொல்லி முடித்தல் வேண்டும். ஒரு பைட்டை நினைவகத்தினின்று எடுக்க 3 துடிப்பு, படம் வரையும் சில்லினிடம் கொடுக்க 3 துடிப்பு எனக் கொண்டால், வேறொன்றும் செய்யாவிடினும் வரிக்குப் பன்னிரு முறைதான் கைநீட்டலாம். கற்றை ஒருவர்க்காகவும் காத்து நில்லாது. ஜே மைனர் என்பார் வடிவமைத்த அச்சில்லுக்குத் தெரிந்த பொருள்களோ மிகச் சில: எட்டுப் புள்ளி அகலமுள்ள உரு இரண்டு, ஏவுகணை இரண்டு, பந்து ஒன்று, பின்புலம். இவ்யந்திரத்துக்கு ஆக்கப் பருவத்தில் 'ஸ்டெல்லா' என்று பெயர். அஃது ஆக்கியோருள் ஒருவரான ஜோ டெக்விர் ஏறிய சைக்கிளின் பெயராம். இன்று பழைய யந்திரம் இல்லாதார் தம் கணினியிலேயே அதனை நடித்துக் காட்டவல்ல நிரலுக்கும் அப்பெயரே. தமையனார் வைத்திருந்தது அந்நிரல்தான்.

இத்துறையில் அவர் உள்ளங் கவர்ந்தவர் எட் ஃப்ரைஸ் என்னும் அமெரிக்கர். பள்ளிப் பருவத்திலேயே அட்டாரி 800 கணினியில் விளையாட்டெழுதியவர். பின்னர் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் எக்செல், வேர்ட் என்பவற்றில் உழைத்து, அதன் விளையாட்டு வெளியீட்டுப் பகுதிக்குத் தலைவராய் உயர்ந்தவர். 2001-ஆம் ஆண்டு எக்ஸ்பாக்ஸ் யந்திரத்தோடு 'ஹேலோ' என்னும் பெயர்போன விளையாட்டு வெளிவந்தது அவர் தலைமையில்தான். 2004-இல் அவர் அப்பதவியினின்று நீங்கினார். சில ஆண்டு கழிந்து, நிக் மான்ட்ஃபோர்ட், இயன் போகோஸ்ட் என்னும் இருவர் 2009-இல் அட்டாரியைப் பற்றி வெளியிட்ட 'ரேசிங் தி பீம்' என்னும் நூலைப் படித்தார். கை சும்மா இருக்கவில்லை. எந்த ஹேலோவை வெளியிட்டாரோ அதனையே அட்டாரிக்கென்று தம் கையால் மீள எழுதினார். எக்ஸ்பாக்ஸின் நினைவகம் 64 மெகாபைட். அட்டாரியினுடையதைப் போல் 5,24,288 மடங்கு. அதில் ஓடிய வீரனை எட்டுப் புள்ளி அகலத்துக்குச் சுருக்கி, 64 திரைகளையும் பகைவரையும் படைக்கலங்களையும் 4 கிலோபைட் கார்ட்ரிட்ஜில் அடக்கினார். அவ்விளையாட்டு, ஹேலோ 2600 என்னும் பெயரோடு 2010-இல் லாஸ் வேகாஸ் நகரத்துப் பழவிளையாட்டுக் கண்காட்சியில் வெளியாயிற்று. 2013-இல் ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலைக்கூடம் அதனைத் தன் தொகுப்பில் ஏற்றது.

கலைக்கூடம் ஏற்றதை யாம் வியந்தோம். தமையனார் அதனைப் பெரிதாக எண்ணினாரில்லை. "நூற்றுக்கணக்கான பேருக்கு வேலை சொன்ன மனுஷன், கடைசியில ஒத்தையா உட்காந்து பைட்டு எண்ணியிருக்காரு பாரு" என்றார். சிறிது பொறுத்து, "எங்க ஆபீஸ்ல நான் எழுதினது எந்த மூலையில இருக்குன்னு எனக்கே தெரியாது. இதுல ஒவ்வொரு பைட்டும் எங்க இருக்குன்னு தெரியும்" என்று சொன்னார். விடுமுறையில் அவர் பேசிய மிக நீண்ட பேச்சு அதுவே.

1980-இல் வெளிவந்த 'அட்வெஞ்சர்' என்னும் விளையாட்டைப் பற்றியும் அவர் சொன்னார். அக்காலத்தில் ஆக்கியோர் பெயரை அட்டாரி நிறுவனம் வெளியிடுவதில்லை. அதனை எழுதிய வாரன் ராபினெட், ஒருவர்க்கும் உரையாமல், இரகசிய அறையொன்றை உள்ளமைத்து அங்கே தம் பெயரைப் பொறித்து வைத்தனர். கண்ணுக்குப் புலப்படாத் துணையான சாம்பற் புள்ளி ஒன்றைச் சுமந்து செல்வார்க்கே அவ்வறை திறக்கும். பாயிரத்துக்குரியவற்றுள் ஆக்கியோன் பெயரை முதற்கண் வைத்த இலக்கணத்தைப் பயிலும் எமக்கு, ஒருவன் தன் பெயரைத் தான் ஆக்கிய பொருளுள்ளேயே ஒளிக்க நேர்ந்தமை பெரிதும் வருத்தந் தந்தது.

ஈண்டு எம்மைப் பற்றியும் ஒன்று சொல்லல் வேண்டும். சென்ற ஆண்டு வெண்பாப் போட்டி ஒன்றில் யாம் கலந்துகொண்டோம். மூன்றாமடியில் தளை தட்டியிருந்தது. நடுவர் அதனை மேடையில் நின்று உரக்கப் படித்து, தட்டிய இடத்தில் மேசையையும் ஒருமுறை தட்டினார். அவை நகைத்தது. அன்று முதல் யாம் வெண்பா எழுதவில்லை. தேர்வுக்கு அலகிடுவதோடு சரி. இதனைத் தமையனாரிடம் சொன்னபொழுது அவர் ஆறுதல் கூறவில்லை. தம் திரையைக் காட்டினார். ஒரு வரியில் 76-க்கு 77 துடிப்பாகிவிட்டது போலும். படம் முழுதும் தள்ளாடிக் குலுங்கிற்று. "எனக்கும் தட்டுது" என்றார்.

அவர் எழுதிய விளையாட்டு இது: திரை நடுவே ஒரு பனை. அதன்மேல் ஒருவன் ஏற வேண்டும். குளவிகள் வந்து கொட்டும். அவற்றுக்குத் தப்பி உச்சியடைந்து கலயத்தைத் தொட வேண்டும். பனை பின்புலத்தால் ஆயது; கலயம் பந்து; குளவி இரண்டாம் உரு.

டிசம்பர் 28-ஆம் நாள் இரவு தந்தையார் வழக்கம்போல் விளக்கணைக்க வந்தார். விளக்கில் வைத்த கை அங்கேயே நின்றது.

"யாருல இது?"

"தாத்தா."

தந்தையார் மூக்குக்கண்ணாடியை எடுத்து வந்து அருகில் அமர்ந்தார். எட்டுப் புள்ளி அகலமுள்ள தம் தந்தையாரை நெடுநேரம் நோக்கினார். பின்பு, வகுப்பில் விடைத்தாளைத் திருத்துபவர் போல, "காலுல தளைநார் எங்க?" என்றார். "முருக்குத்தடி இல்லாம மரத்துல எப்படி ஏறுவாரு?"

தளைநாராவது, பனையேறி தன் இரு காலையும் பிணைத்து மரத்தைப் பற்றுதற்கு மாட்டும் நார்வளையம். அஃதின்றேல் கால் வழுக்கும். யாப்பில் சீரோடு சீர் பிணையும் முறைக்கும் தளையென்றே பெயர். ஆனர்ஸ் வகுப்பில் இரண்டாண்டாக அச்சொல்லை எழுதி வருகின்ற எமக்கு, எம் பாட்டனார் காலில் கிடந்த தளை அன்றுவரை நினைவுக்கு வந்ததில்லை.

தளைநார் எளிதில் அமைந்தது. இரு கால்களுக்கிடையே ஒரு புள்ளியை நிரப்பினார், செலவொன்றுமில்லை. மரத்தடியில் சாய்த்து வைக்கும் முருக்குத்தடியோ மூன்று இரவைக் கொண்டது. பயன்படாதிருந்த ஏவுகணை ஒன்றைத் தடியாக்கினார். அது நேராக நின்றது. சாய வேண்டுமாயின் வரிதோறும் ஒரு புள்ளி நகர்த்த வேண்டும். நகர்த்தும் கட்டளையை வரித் தொடக்கத்தில் இட்டால் திரையின் இடப்புறத்தே எட்டுப் புள்ளி அகலத்துக்குக் கரிய விளிம்பொன்று தோன்றும். இஃது யந்திரத்தின் இயல்பு, தவிர்த்தல் அரிது. சில வரியில் மட்டும் தோன்றின் சீப்பின் பற்போல் அசிங்கமாயிருக்கும் என்று எல்லா வரியிலும் நகர்த்தி, ஓரம் முழுவதையும் கரிதாக்கினார். அன்றியும் கார்ட்ரிட்ஜுக்குரிய 4096 பைட்டில் எஞ்சியிருந்தன ஒன்பதே. தடிக்கோ ஏறத்தாழ நாற்பது வேண்டும். குளவியின் ரீங்காரத்தைக் குறுக்கினார். ஓர் அட்டவணையின் இறுதியும் மற்றொன்றன் தொடக்கமும் ஒன்றாயிருக்கக் கண்டு, அந்தாதி தொடுப்பார்போல் ஒன்றன்மேல் ஒன்றை ஏற்றினார். அம்மூன்றிரவும் விளக்கை அணைக்க எவரும் வரவில்லை. தந்தையார் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து, தடியின் சாய்வு மிகுதியென்றும் குறைவென்றும் சொல்லிக்கொண்டிருந்தார். அன்னையார் இருமுறை கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்.

புத்தாண்டு ஆராதனை முடிந்து வந்த காலையில் தந்தையார் முதன்முறையாக உச்சியை அடைந்தார். கலயத்தைத் தொட்டார், திரை மின்னிற்று, மீண்டும் மரத்தடி தோன்றிற்று.

"ஏறுனவன் எறங்க வேண்டாமா?" என்றார் தந்தையார். "ஏறுதத விட எறங்குததுதான் கஷ்டம்."

"மூணு பைட்டுதான் மிச்சம் இருக்குப்பா."

ஜனவரி 3-ஆம் நாள் தமையனார் பெங்களூர் சென்றனர். அறையைத் துப்புரவு செய்தபொழுது அந்தப் பாதிக் கடிதம் மேசைக்கடியிற் கிடைத்தது. மறுபுறம் முழுதும் 2, 3, 5 எனத் துடிப்புகளைக் கூட்டிக் கூட்டி, ஒவ்வொரு கூட்டலையும் 76-இல் முடித்திருந்தார். அதனை யாம் எடுத்து வைத்துள்ளோம். அத்தாளின் ஓரத்தில் இடமிருந்தமையால் எம் பழைய வெண்பாவின் மூன்றாமடியை எழுதி அலகிட்டுப் பார்த்தோம். தட்டிய இடம் இப்பொழுது எமக்கே தெரிகின்றது. திருத்தம் இன்னும் அமையவில்லை.

ஞாயிறுதோறும் தமையனார் தொலைபேசியிற் பேசுகின்றார். வேலையைப் பற்றி அவரும் சொல்வதில்லை, யாமும் வினவுவதில்லை. பேச்சு முடியும் தறுவாயில் தந்தையார் பேசியைக் கேட்டு வாங்கி, "எறக்கிட்டியால?" என்று மட்டும் கேட்கின்றார்.