ஓப்பநாயக்க: சபை எல்லையும் தோட்ட எல்லையும்

திங்கள்

பெல்மதுளையைத் தாண்டி பலாங்கொடைப் பக்கம் ஏறும் ஏ4 வீதியை ஒட்டிக் கிடக்கிறது ஓப்பநாயக்க. கடைத்தெருவை விட்டு விலகினால் பள்ளத்தில் வயல், சரிவில் இறப்பர், அதற்கப்பால் தேயிலை. சபரகமுவவில் விளைவது பெரும்பாலும் தாழ்நிலத் தேயிலை. 2,000 அடிக்குக் கீழே வளர்வது.

நகரத்துக் கடைகள் திறக்கும் முன்பே தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு முடிந்துவிடும். இறப்பர் பால்வெட்டுக்காரர்கள் அதற்கும் முந்தி மலைக்குப் போயாக வேண்டும். வெயில் ஏறினால் பால் குறையும். மரம் மழையில் நனைந்தால் அன்று வெட்டே இல்லை. கொழுந்துக்காரிக்குக் கணக்கு கொழுந்து மடுவத்துத் தராசில்தான். சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்.

செவ்வாய்

இந்த ஊர் ஒரு காலத்தில் களனிவெளி ரயிலின் கடைசி நிலையம். இரண்டரை அடி அகலத் தண்டவாளம் 1912இல் இரத்தினபுரியை எட்டியது. 1919இல் ஓப்பநாயக்கவுக்கு வந்து நின்றது. 1970களில் அந்தப் பாதை மூடப்பட்டது. இன்று களனிவெளி ரயில் அவிசாவளையோடு திரும்பிவிடுகிறது.

குறுகிய பாதை என்றால் மூடியாக வேண்டும் என்பதில்லை. சுவிட்சர்லாந்தின் இத்தாலிய எல்லையோரம் புருசியோ என்றொரு மலைப்பள்ளத்தாக்கு ஊராட்சி உண்டு. அங்கும் குறுகிய பாதைதான். ஒரு மீற்றர் அகலம். 1908இல் கட்டிய வட்டப் பாலத்தைச் சுற்றி அந்த ரயில் இன்றும் ஓடுகிறது. 2008இல் யுனெஸ்கோ அந்தப் பாதையை உலக மரபுரிமையாக்கியது. ஓப்பநாயக்கவோ தன் ரயிலை இழந்தபோது கடை, சந்தை, பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் பஸ் ஒன்றையே நம்ப வேண்டியதாயிற்று.

வியாழன்

சிறிய ஊருக்குப் பிரதேச சபைதான் அரசாங்கம். தெருவிளக்கு, கிணறு, உள்வீதி எல்லாம் அதன் பொறுப்பு. ஆனால், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதி தோட்டத்துக்குள் போவதற்குத் தடையாக நின்றது. சபை போட்ட வீதி தோட்ட எல்லையில் முடிந்தது. அதற்கு மேலே கல்லும் சேறும். பிள்ளைத்தாய்ச்சியையும் அந்தப் பாதையில்தான் இறக்க வேண்டும்.

தோட்டத்து மக்கள் வெளியே நின்ற கதை அதற்கும் பழையது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. மீதி 1,50,000 பேரின் முடிவுக்கு 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்த 2018 ஆயிற்று. அவ்வாண்டின் 30ஆம் இலக்கச் சட்டம், தோட்டப் பகுதிக்கும் சபைப் பணத்தைச் செலவிட வழி திறந்தது. முப்பத்தொரு வருடத் தாமதம்.

ஞாயிறு

விடுமுறை நாளில் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து வாசல் நிறைந்திருக்கும். ஒரு காம்பராவில் மூன்று தலைமுறை. பல தோட்டங்களில் இன்றும் வீட்டுக்கென்று தனி விலாசம் இல்லை. கடிதம் தோட்ட அலுவலகம் சுற்றியே வந்து சேர்கிறது. நேர்முகத் தேர்வுக் கடிதம் நாள் கடந்து கைக்கு வந்தால் அந்த நட்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

மழைக்காலத்தில் இன்னொரு பயம். 2003 மே மாதத்து வெள்ளமும் மண்சரிவும் இரத்தினபுரி மாவட்டத்தில் எடுத்த உயிர்களை இந்தச் சரிவுகளில் வாழ்கிறவர்கள் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும்போது, லயத்திலிருந்து வெளியேற வண்டி வந்து போகிற பாதை வேண்டும்.

2025 மே 6இல் நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் தோட்டத்து மக்களும் வாக்களித்தே புதிய சபைகள் அமைந்தன. அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் லயத்துப் பாதைக்கும் குடிநீருக்கும் எவ்வளவு ஒதுக்குவீர்கள் என்று ஒவ்வொரு தோட்டத்தாரும் தம் உறுப்பினரிடம் கேளுங்கள். சட்டம் இப்போது உங்கள் பக்கம் இருக்கிறது.