லிஸ்டில் இல்லாத அன்னம்

1984 மே மாதம். அப்பாவுக்குக் கும்பகோணத்திலிருந்து திருநெல்வேலிக்கு மாற்றல். ஆடி பிறந்துவிட்டால் பாட்டி வீடு மாற்ற விடமாட்டாள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் டி.சி. கொடுத்து எங்களைச் சேர்த்தாகவும் வேண்டும். வைகாசியிலேயே லாரி வந்து நின்றது.

அப்பா கணக்கில் புலி. கார்பன் தாள் வைத்து மூட்டைகளுக்கு லிஸ்ட் போட்டார். அண்ணன் சலவை நீலத்தைக் கரைத்து ஒவ்வொரு சாக்கிலும் எண் எழுதினான். ரேஷன் கார்டுக்கான சரண்டர் சீட்டை மட்டும் அம்மா யாரிடமும் தரவில்லை. அது போனால் புது ஊரில் சர்க்கரையும் கிடையாது, மண்ணெண்ணெயும் கிடையாது.

திருநெல்வேலியில் பால் காய்ச்சி, மூட்டைகளை இறக்கி, அப்பா டிக் அடித்தார். ஒன்றுகூடக் குறையவில்லை. சாயங்காலம் விளக்கேற்றப் போன அம்மாதான் குரல் கொடுத்தாள்.

"ஏங்க, அன்னத்தைக் காணோம்."

பாட்டி சீராகக் கொண்டுவந்த குத்துவிளக்கு அது. நாச்சியார்கோயில் வார்ப்பு. அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் என்று தனித்தனியாக வார்த்து, மரை போட்டு முடுக்கியிருப்பார்கள். கழற்றி வேட்டித் துணியில் சுற்றியது எல்லோருக்கும் நினைவிருந்தது.

"லிஸ்ட்ல குத்துவிளக்கு ஒண்ணுன்னு இருக்கே!"

"அன்னம்னு தனியா இருக்கா?"

அப்பா பேசவில்லை. முறுக்கு உழக்கு வந்திருந்தது, வில்லைகள் வரவில்லை. கட்டில் வந்திருந்தது, போல்ட்டுகள் வரவில்லை. பக்கத்து வீட்டு அன்னத்தை இரவல் வாங்கி வைத்துப் பார்த்தோம். ஒரு சுற்றுப் போய் இறுகி நின்றுவிட்டது.

அதன் பிறகு எது தொலைந்தாலும் "வீடு மாத்தினப்போ போயிருக்கும்" என்பதே பதில். சித்தப்பா வாங்கிப்போய்த் திருப்பித் தராத டிரான்சிஸ்டரும், அண்ணன் பரீட்சை ஹாலில் விட்ட பேனாவும், ஏன், திருநெல்வேலியில் வாங்கித் திருநெல்வேலியிலேயே தொலைந்த குடையும்கூட அந்தக் கணக்கில்தான் ஏறின. வீட்டில் சண்டை குறைந்தது என்பதால் நான் அதை ஆட்சேபிக்க மாட்டேன்.

ஒரு கல்யாணத்துக்காகக் கும்பகோணம் பக்கம் போனபோது அப்பா தண்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு நாச்சியார்கோயில் பட்டறைக்கு என்னையும் கூட்டிப்போனார். பத்தர் மரையை விரலால் தடவி, "அந்தக் காலத்துக் கைவேலை, அளவெடுத்துத்தான் போடணும்" என்றார். வண்டல் மண்ணில் அச்செடுத்து ஊற்றிய புது அன்னம் பளபளவென்று வந்தது. கழுத்துதான் கொஞ்சம் நீளம். "கொக்கு மாதிரி இருக்கு" என்று பாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பல வருஷம் கழித்துப் பாளையங்கோட்டையில் சொந்த வீடு. விளக்கைக் கழற்ற அம்மா சம்மதிக்கவில்லை. முழுசாக மடியில் வைத்து ஆட்டோவில் கொண்டுபோனாள். பட்டுப்புடவையில் எண்ணெய்க் கறை. அந்த முறை காணாமல் போனது ஆட்டுக்கல்லின் குழவி! மூச்சுப் பிடித்துத் தூக்க வேண்டிய கல் எங்கேதான் போகும் என்று, அடுத்த சவாரிக்குக் கிளம்பும்வரை லாரிக்காரரை அம்மா விடவில்லை.