பதினைந்தும் பதினாறும்

பழநி சாலையோரம் இருக்கும் அந்தப் பட்டறைக்கு நான் போனபோது, பழைய டீசல் ஜீப் ஒன்றின் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

“ரெண்டு வயரும் சிவப்பாத்தானுங்க இருக்குது. எதுங்க பேட்டரிக்குப் போறது?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஜீப்புக்காரர் கோவையைச் சேர்ந்தவர். உரிமம் பெற்ற ஹாம், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவர். சக ஹாம் ஒருவர் கொடுத்த மோட்டரோலா ஜி.எம்.300 ரேடியோ செட்டை வண்டியில் பொருத்தத் தாராபுரம் வந்திருந்தார். ஒருகாலத்தில் கால் டாக்சியில் ஓடிய செட் அது. போலீஸ்காரர்கள் ‘மைக்’ என்று சொல்வார்களே, அந்த ஜாதி. லாரி, டிராக்டர் என்று வயர்களோடே வாழ்ந்த மெக்கானிக்குக்கு ரேடியோதான் புதிது.

அவர் நிறத்தை நம்பவில்லை, மீட்டரை எடுத்தார். சாவியைத் திருகாமலே ஒரு சிவப்பு 12 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. மற்றது சாவி போட்டால்தான் உயிர் பெற்றது. முன்பு வண்டியை வைத்திருந்த யாரோ கைக்குக் கிடைத்த வயரையெல்லாம் இழுத்திருக்கிறார்கள்.

இரண்டுமே வேண்டாம் என்று முடிவானது. 25 வாட் அலையை வெளியே விட, இந்த மாதிரி செட் அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் மின்திறனை இழுக்கும். மெல்லிய வயர் சூடாகிவிடும். எனவே பேட்டரியிலிருந்து நேராகக் கனத்த வயர். பேட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ். ஜீப் 12 வோல்ட் என்பதால் சிக்கல் இல்லை. 24 வோல்ட் லாரியாக இருந்தால் நடுவில் கன்வெர்ட்டர் வைத்தே ஆக வேண்டும்.

செட்டின் விளக்கு எரிந்தது. மானிட்டர் பட்டனை அழுத்தினால் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலாவது வர வேண்டும். வரவில்லை.

மெக்கானிக் ஸ்பீக்கர் முனைகளை ஒன்றரை வோல்ட் பேட்டரியால் தொட்டார். ‘கரக்’ என்றது. ஸ்பீக்கர் சாகவில்லை. செட்டுக்குப் பின்னால் 16 முனைகள் உள்ள சாக்கெட் வெறுமையாகக் கிடந்தது. அங்கேதான் விஷயம். 15-வது முனையையும் 16-வது முனையையும் இணைத்தால்தான் இந்த மாடலின் உள் ஸ்பீக்கர் பேசும். வெளி ஸ்பீக்கரோடு ஓடிய செட்டைக் கழற்றியவர்கள் பிளக்கையும் அறுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

“அப்ப வெளி ஸ்பீக்கரே வெச்சு, ஒரு வயரை பாடில எர்த் பண்ணீரலாங்களா?” என்று கேட்டார் மெக்கானிக். ஹாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இந்தச் செட்டில் ஸ்பீக்கரின் எந்த வயரும் பாடியைத் தொடக்கூடாது. தொட்டால் ஆடியோ பகுதி போய்விடும்.

15-ஐயும் 16-ஐயும் இணைக்க ஒரு விரற்கடை வயர்த் துண்டு போதுமானதாக இருந்தது. பொரி வறுப்பதுபோல் இரைச்சல் கிளம்பியது.

மெக்கானிக்குக்குத்தான் இது புதிது. காரிலிருந்தே பேசவும் கேட்கவும் முடிகிற ரேடியோ 1933-லேயே அமெரிக்காவின் பேயோன் நகரப் போலீஸுக்குக் கிடைத்துவிட்டது. செல்போன் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று மெக்கானிக் கேட்டார். 2004 சுனாமியில் அந்தமானின் தொலைபேசிகள் ஊமையானபோது, போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்த பாரதி பிரசாத் முதலான ஹாம்களே செய்தி கடத்தினார்கள் என்றார் ஹாம்.

ஆண்டெனா கடைசி வேலை. ஹாம்களுக்கான 145 மெகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் ஏறக்குறைய இரண்டு மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது அரை மீட்டர்க் கம்பி போதும். கம்பி இல்லாமல் பேசும் பட்டனை அழுத்தினால் சக்தி திரும்பி வந்து டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடும் என்பதால், அன்று ஆண்டெனாவுக்குப் பதிலாக 50 ஓம் டம்மி லோடை மாட்டி மட்டும் சோதித்தார்கள்.

செட்டுக்குள் இன்னும் பழைய டாக்சிச் சேனல்களே இருந்தன. அவற்றில் பேச ஹாமுக்கு உரிமை கிடையாது. புதிதாக எழுத டாஸ் காலத்துக் கணினி வேண்டும். அப்படியொன்று தாராபுரத்தில் யார் வீட்டுப் பரணில் கிடக்கும் என்று மெக்கானிக் போன் போட ஆரம்பித்தார்.