நான் வைக்காத கைநாட்டு

என் வீட்டுப் பத்திரம் எந்த பேங்கிலும் அடமானத்தில் இல்லை. பீரோவில் பிளாஸ்டிக் உறைக்குள் கிடக்கிறது. ஆனால் எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவரிடம், "பத்திரம் பேங்கில இருக்குப்பா, நான் ஜாமீன் நிக்க முடியாது" என்று சொன்னேன். தடுமாறாமல் சொன்னேன். பொய் பேசாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் நான்.

அவருடைய மகன் பைக் திருட்டு வழக்கு ஒன்றில் ரிமாண்டில் இருந்தான். கோர்ட்டில் ஜாமீன் உத்தரவு வந்துவிட்டது. தலா பத்தாயிரம் ரூபாய்க்கு இரு நபர் ஜாமீன். ஒருவர் தயார்: அவருடைய மைத்துனர். சொந்தமாக ஓட்டு வீடு உண்டு. இன்னொருவர் வேண்டும். உத்தரவு நகலை நாலாக மடித்து, தேய்த்த சட்டைகளோடு கொண்டுவந்தார். "சார், வீட்டு வரி ரசீதும் ஆதார் நகலும் போதும்னு வக்கீல் சொன்னாரு. ஒரு காலைப்பொழுது கோர்ட்டுக்கு வந்தீங்கன்னா முடிஞ்சிரும்" என்றார். என் வயசுக்காரர்தான். அவர் என்னை 'நீங்க' என்பார், நான் அவரை 'நீ' என்பேன்.

அவர் பத்திரமே கேட்கவில்லை. பத்திரப் பேச்சை எடுத்தவன் நான். அதற்கு முன்னால் ஒரு விசாரணையும் நடத்தினேன். "உண்மையைச் சொல்லு, அவன் எடுத்தானா இல்லையா?" "தெரியல சார். கூட்டாளிங்களோட போயிருக்கான். போலீஸ் எடுத்தான்ங்குது, இவன் இல்லைங்கறான்." மகன் யோக்கியன் என்று சத்தியம் செய்திருக்கலாம். செய்யவில்லை. அந்த நேர்மையையே நான் சாக்காகப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் ஐந்நூறு ரூபாயை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அவர் இல்லை.

ஜாமீன்தாரர், குற்றம் சாட்டப்பட்டவன் நிரபராதி என்று சாட்சி சொல்வதில்லை. வாய்தாவுக்கு ஒழுங்காக வருவான் என்பதற்கு மட்டுமே பொறுப்பு ஏற்கிறார். அவன் வராமல் ஓடிவிட்டால் நீதிமன்றம் காரணம் கேட்டு நோட்டீஸ் அனுப்பும், பிணைத்தொகையைக் கட்டச் சொல்லும். அதில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யவும் அதற்கு அதிகாரம் உண்டு. கட்டவும் இல்லை, வசூலிக்கவும் வழியில்லை என்றால் ஆறு மாதம் வரை சிவில் சிறை என்று சட்டத்தில் இருக்கிறது. நடுவில் நம்பிக்கை போய்விட்டால் மனுப் போட்டு விலகிக்கொள்ளலாம். ஆக, என் தலைக்கு வந்திருக்கக்கூடிய நஷ்டம் பத்தாயிரம் ரூபாய். பென்ஷன் வாங்கும் எனக்கு அது குடிமுழுகிப் போகிற தொகை அல்ல.

பண பயம் என்று சொல்லித் தப்பிக்கவும் எனக்கு வழியில்லை. வேலையில் இருந்தபோது கூட்டுறவு நாணயச் சங்கக் கடனுக்குச் சக ஆசிரியர்கள் பலருக்கு ஜாமீன் போட்டிருக்கிறேன். ஒருவர் தவணை கட்டாமல் போனதில் என் சம்பளத்தில் பிடித்தார்கள். அதற்குப் பிறகும் இன்னொருவருக்குப் போட்டேன். அவர்களெல்லாம் என் ஆட்கள். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைப்பவர்கள், வீட்டுக்குள் வந்து நாற்காலியில் உட்கார்பவர்கள். இஸ்திரிக்காரர் துணி வாங்க வந்தால் கேட்டுக்கு வெளியே நிற்பார். உட்காருங்கள் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. இதற்குச் சாதி என்று பெயர். மற்றவர்கள் வீட்டில் நடந்தால் அந்தப் பெயரைச் சொல்லிவிடுவேன்.

இன்னொன்றும் உண்டு. அந்த உத்தரவு நகலை முழுக்கப் படித்தேன். ஜாமீன்தாரர்கள் பிணைப் பத்திரத்தில் தங்கள் புகைப்படத்தை ஒட்டி இடது பெருவிரல் ரேகை வைக்க வேண்டும் என்று அதில் ஒரு நிபந்தனை. அந்த வரியில் மனம் சிக்கிக்கொண்டது. ஊர்ப் பிள்ளைகளின் மார்க் ஷீட் நகல்களுக்கெல்லாம் பச்சை மையில் கையெழுத்துப் போட்டவன், கோர்ட்டில் வரிசையில் நின்று கைநாட்டு வைப்பதா? பழைய மாணவன் எவனாவது அங்கே வக்கீலாகவோ ஏட்டாகவோ இருந்து, "சார், நீங்க எங்க இங்க?" என்று கேட்டால்? ரேகை வாங்குவது ஆள்மாறாட்டத்தைத் தடுக்க என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கூசியது.

அந்தப் பையனும் என் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தவன்தான். மாற்றுச் சான்றிதழில் ஒழுக்கமும் பண்பும் என்ற கட்டத்தில் 'நன்று' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டவன் நான். எல்லாப் பிள்ளைகளுக்கும் அதைத்தான் எழுதுவோம். அந்தச் சொல்லுக்கு ஒரு தடவையாவது பொறுப்பேற்க வேண்டிவரும் என்று நினைத்து எழுதுவதில்லை.

பிறகு நடந்ததைத் துணி வாங்கப் போனபோது கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஜாமீன் கிடைத்த பிறகும் பையன் வாரக்கணக்கில் உள்ளேயே இருந்திருக்கிறான். கோர்ட் வாசலில் காசுக்கு ஜாமீன் நிற்க ஆள் கிடைக்கும் என்பது ஊரறிந்த சங்கதி. மனைவியின் தோட்டை அடகு வைத்து அப்படி ஒருவரைப் பிடித்திருக்கிறார். பையன் வெளியே வந்தபோது மெக்கானிக் ஷாப்பில் அவன் இடத்தில் வேறு ஆள். என்னைப் போன்ற வரி ரசீதுக்காரர்கள் ஒதுங்கிக்கொள்வதால்தான் அந்த வாசல் வியாபாரம் ஓடுகிறது.

வழக்கு இன்னும் வாய்தாவில்தான் இருக்கிறது. ஒரு வாய்தாவைக்கூட அவன் தவறவிடவில்லை.

சட்டத்துக்கு இது புதுச் சிக்கல் அல்ல. 1978-இல் மோதி ராம் என்ற மேஸ்திரியின் வழக்கில் மாஜிஸ்திரேட் பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்டார். நிற்க வந்த சகோதரருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அவரையும் மறுத்தார். உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடி வழிகாட்டியது. ஜாமீன் கிடைத்து 7 நாளில் ஒருவர் வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பிணை கொடுக்க முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பார்க்கலாம். அதே ஆண்டு ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டமும் வந்தது. 2023-இல் வந்த விதிப்படி, விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை பிணைத்தொகைக்கு உதவி உண்டு என்றிருந்தது.

இதெல்லாம் அவர் என் கேட்டில் நின்ற நாளிலேயே நடைமுறையில் இருந்தவை. எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு போன் போட்டு விசாரிப்பதற்குக் கைநாட்டு வேண்டாம், பத்திரம் வேண்டாம். ஐந்நூறு ரூபாயோடு கடமை முடிந்தது என்று கேட்டைச் சாத்திக்கொண்டேன்.

2022 இறுதிக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். பத்திரிகையில் இந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் கோர்ட்டையும் போலீஸையும் திட்டுவது என் வழக்கம். இப்போது பாதியில் நிறுத்திக்கொள்கிறேன். ஜாமீன் கிடைத்தும் வெளிவராத ஒரு பையனைப் பொறுத்தவரை, நீதிபதி தன் வேலையைச் செய்துவிட்டார். 'இவனுக்காக ஊரில் யாராவது உண்டா?' என்று அவர் கேட்ட கேள்வி என் வீட்டு வாசல் வரை வந்தது. இல்லை என்று சொன்னவன் நான்.

இஸ்திரிக்காரரிடம் உண்மையை இன்னும் சொல்லவில்லை. சொன்னால் மன்னித்துவிடுவார். அந்த மன்னிப்பும் அவருக்கு நஷ்டக் கணக்குத்தான். அடுத்த தடவை யாராவது கேட்டால் போவேன் என்று எனக்குள் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அதன் பிறகு யாரும் என்னிடம் கேட்டு வரவில்லை. வரவும் மாட்டார்கள். யார் வீட்டுப் படி ஏறலாம், யார் வீட்டில் ஏறினால் ஐந்நூறு ரூபாயோடு திருப்பி அனுப்புவார்கள் என்பது அவர்களுக்குள் தெரிந்துபோயிருக்கும்.