திருச்செங்கோட்டில் ஒரு டர்போ தரிசனம்!

ஈரோட்டில் பஸ் ஏறி, பள்ளிபாளையத்தில் காவிரியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால், வானத்தை மறித்துக்கொண்டு ஒரு மலை. அதுதான் திருச்செங்கோடு. உச்சியில் ஆண் பாதி, பெண் பாதியாக அர்த்தநாரீஸ்வரர். சுமார் 1,200 படிகள். என் முழங்கால் அடிவாரத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டதால், முதலில் ஊரைச் சுற்றினோம்.

ஊருக்குள் இன்னொரு தெய்வம்... ரிக் வண்டி! ராஜஸ்தானோ, ஆந்திராவோ, போர் போடும் லாரிக்காரரிடம் ஊர் கேட்டால், 'திருச்செங்கோடுங்க' என்று பதில் வர வாய்ப்பு அதிகம். ஆப்பிரிக்கா வரை போய்த் துளை போட்டவர்கள்.

கூட வந்தவன் என் அக்கா பையன். டர்போ வைத்த ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறான். "இன்னும் பவர் ஏத்தணும் மாமா" என்பதே அவன் காலை, மாலை ஜபம். ஒரு பட்டறையில் ரிக் எஞ்சினின் டர்போவைக் கழற்றிக்கொண்டிருந்த மேஸ்திரியிடம் ஆலோசனை கேட்டான்.

"எஞ்சின் விடற புகையில ஒரு சக்கரம் சுத்துதுங்க தம்பி. அதே தண்டுல இருக்கற இன்னொரு சக்கரம் காத்தை அமுக்கி உள்ளே திணிக்குது. காத்து கூடினா எண்ணெயும் கூட எரியும். அவ்வளவுதான் டர்போ."

சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பியூஷி 1905-ல் காப்புரிமை வாங்கிய சங்கதி. 1974-ல் போர்ஷே 911 டர்போ வந்து இளவட்டங்களின் தூக்கத்தைக் கெடுத்தது. மேஸ்திரி அதை இரண்டே வரியில் முடித்துவிட்டார்!

"அப்ப பூஸ்ட்டை ஏத்திடலாமா?"

"அமுக்கின காத்து சூடாகும். பெரிய இன்டர்கூலர் வேணும். காத்துக்குத் தக்க பெட்ரோல் போகலேன்னா எஞ்சின் தட்டும், பிஸ்டன் ஓட்டையாகும். கிளட்ச் தாங்கோணும். எல்லாத்துக்கும் முன்னால பிரேக்கை மாத்துங்க. ஓடறது பெருசில்லீங்க, நிக்கோணுமல்ல!"

"ரிக்குக்கு எதுக்குங்க இத்தனை பவர்?" என்றேன் நான்.

"துளையில நிக்கற தண்ணி, 2.3 அடிக்கு 1 பவுண்டு அழுத்துமுங்க. 1,000 அடி நின்னா 430 பவுண்டுக்கு மேல. காத்து அதை எதிர்த்து ஹேமரை அடிக்கோணும், கல்லுத்தூளை மேலே ஊதோணும். ஆழம் கூடக் கூட பெரிய கம்ப்ரஸர். அதுக்குப் பெரிய எஞ்சின்." கையைத் துடைத்துக்கொண்டார். "எங்கப்பாரு காலத்துல கெணத்துல எட்டிப் பாத்தாத் தண்ணி. இப்ப நாங்க எஞ்சினுக்குப் பவர் ஏத்திக்கிட்டே இருக்கறோம். பூமிக்குத் தண்ணி ஏத்தறது யாருங்க?"

எனக்குச் சுருக்கென்றது. போன கோடையில் என் வீட்டு போர் காற்றை மட்டும் கக்கியபோது, 'இன்னும் 200 அடி இறக்குங்க' என்று கௌரவமாகச் சொன்ன மகானுபாவன் நான்தான். மொட்டை மாடி மழைத் தண்ணீர் மட்டும் இன்றுவரை நேராகச் சாக்கடைக்கு!

வெயில் தாழ்ந்ததும் படியேறினோம். அறுபதாம் படியிலேயே என் எஞ்சின் கரும்புகை விட ஆரம்பித்தது. அந்த இடம் சத்தியம் செய்வதற்குப் பேர் போனது. அக்கா பையன் பயபக்தியோடு, "பிரேக் மாத்தாம பூஸ்ட் ஏத்த மாட்டேன்" என்றான்.

நானும் கை வைத்தேன். "ஊருக்குப் போனதும் முதல் வேலை, மாடித் தண்ணிக்குக் குழாய் போட்டு மண்ணுக்குள்ள விடறது."

"மாமா, மீதி 1,140 படி?"

அதற்கு எந்த டர்போவும் இல்லை, சார்!