அம்மாவின் பின்னாசனம்

எங்கள் வீட்டு மோட்டார் வண்டிக்கு என்னைவிட வயது அதிகம். அது 1958ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே செய்யப்பட்ட மொறிஸ் மைனர். என் தகப்பனார் அதனை 1974ஆம் ஆண்டில் வேறொருவரிடமிருந்து விலைக்கு வாங்கினார். நான் பிறந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்தே. ஆதலால் வீட்டின் மூத்த பிள்ளை வண்டிதான் என்று ஐயா வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இவ்வண்டியைப்பற்றி மாணவர் அறியத்தக்க செய்தி ஒன்றுண்டு. இதனை அமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர். பின்னாளில் மினி என்ற வண்டியை அமைத்துப் புகழ் பெற்றவரும் அவரே. 1948இல் மைனர் வெளிவருவதற்குமுன், அது மிக ஒடுங்கியிருப்பதாக அவருக்குத் தோன்றிற்று. மாதிரி வண்டியை நெடுக்காக இரண்டாக வெட்டுவித்து, பாதிகளை விலக்கி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் அகலிக்கச் செய்தார். எஞ்சின் மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அந்த நான்கு அங்குலத்தின் அடையாளம். அது இல்லாதிருந்தால் எங்கள் குடும்பம் அவ்வண்டியில் அடங்கியிராது.

ஐயா காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அம்மாவுக்கு இப்பொழுது எழுபத்தாறு வயது. வெள்ளிக்கிழமைதோறும் பின்னேரத்தில், கொக்குவிலிலிருந்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவிலுக்கு அவரை அழைத்துச் செல்வது என் வழக்கம். நான் வண்டியை ஓட்ட, என் மகள் பக்கத்தில் இருப்பாள். அம்மா பின்னாசனத்தில் இருப்பார். முன்னால் இருக்கும்படி எத்தனை முறை சொன்னாலும் கேளார்.

வண்டியில் வானொலிப் பெட்டி ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்குமுன் அதனைப் பூட்ட நான் முயன்றபோது, எங்களூர் மெக்கானிக் பதறிப்போய்த் தடுத்தார். "மாஸ்ரர், இது பழைய வண்டி. இதிலை பற்றறியின்ரை நேர்முனைதான் பொடியிலை பூட்டியிருக்கு. அப்பிடியே குடுத்தால் பெட்டி எரிஞ்சுபோம்" என்றார். இக்காலத்து வண்டிகளில் எதிர்முனையே உடலோடு இணைக்கப்படும். அவர் பற்றறியைத் திருப்பி வைத்தார். எரிபற்றுச் சுருளின் வயர்களை மாற்றினார். டைனமோவின் புலச் சுருளுக்குப் பற்றறியிலிருந்து ஒரு கணம் மின்னைக் காட்டி, அதன் காந்தமுனைவையும் மாற்றினார். பௌதிகவியல் பட்டதாரியாகிய நான் பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தேன்.

அப்பெட்டிக்கு முன்பக்கத்தில் ஒரேயோர் ஒலிபெருக்கிதான் இருந்தது. பயணத்தின்போது அம்மா பின்னாசனத்தில் சாய்ந்திருப்பதில்லை. முன்னாசனத்தின் முதுகில் இரு கைகளையும் வைத்து, முகத்தை முன்னே நீட்டியபடியே வருவார். பாட்டுச் சரியாகக் கேட்காமையால் அவ்வாறு வருகிறார் என்று நான் எண்ணினேன். முதுகு நோவுள்ளவர் இப்படி வளைந்து வரலாமா? பின்னால் இரண்டு ஒலிபெருக்கிகளைப் பொருத்திவிட்டால் அவர் சாய்ந்திருந்து சுகமாகக் கேட்பார் என்று தீர்மானித்தேன்.

ஆறங்குல விட்டமும் நான்கு ஓம் தடையும் உள்ள இரண்டு ஒலிபெருக்கிகளை யாழ்ப்பாண நகரில் வாங்கினேன். பின் கண்ணாடியின் கீழுள்ள தட்டு ஈரத்தில் ஊறிப் பொருமியிருந்தது. அதனை அகற்றிவிட்டு, அரை அங்குல ஒட்டுப்பலகையை அளவாக வெட்டினேன். பலகை உறுதியாயும் இடைவெளி இல்லாமலும் இருத்தல் வேண்டும். ஒலிபெருக்கியின் கூம்பு முன்புறத்துக் காற்றைத் தள்ளும்போது பின்புறத்துக் காற்றை இழுக்கிறது. இவ்விரண்டும் ஓட்டைவழியே கலந்தால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். பலகைக்குக் கீழே பொருட்கள் வைக்கும் அறை இருப்பதால், அதுவே ஒலிப்பேழையாகவும் அமைந்துவிடுகிறது.

வயர்களைத் தரைவிரிப்பின் கீழாக, கதவோரமாகக் கொண்டுசென்றேன். ஒரு சனிக்கிழமை முழுவதும் இவ்வேலையிற் கழிந்தது. மாலையில் பெட்டியை முடுக்கினேன். பாட்டு வந்தது, ஆனால் மிருதங்கத்தைக் காணவில்லை! பாடுபவரின் குரல் மெலிந்து தகரம்போல் ஒலித்தது. மலிவான பொருளை வாங்கி ஏமாந்தேன் என்றே நினைத்தேன்.

மறுநாள் மெக்கானிக்கிடம் வேலை பழகும் இளைஞன் ஒருவன் வந்தான். என்னிடம் சாதாரண தரம்வரை படித்து, பின் படிப்பை நிறுத்தியவன். ஒன்றரை உவோற்று மின்கலமொன்றை எடுத்து, ஒவ்வோர் ஒலிபெருக்கியின் வயரிலும் தொட்டுப் பார்த்தான். ஒன்றின் கூம்பு வெளியே வந்தது. மற்றையதன் கூம்பு உள்ளே போயிற்று.

"சேர், ஒண்டை மாறிக் குடுத்திட்டியள்" என்று மெதுவாகச் சொல்லி, வயர்களை மாற்றினான். மிருதங்கம் திரும்பி வந்தது.

தலையீடு என்ற பாடத்தை ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்து விளக்குபவன் நான். செக்கனுக்கு நூறு அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 3.4 மீற்றர். ஒலிபெருக்கிகள் இரண்டுக்கும் இடையே ஒரு மீற்றர்கூட இல்லை. ஒன்று தள்ளும்போது மற்றையது இழுத்தால், அத்தகைய நீண்ட அலைகள் அழிந்துபோகத்தானே வேண்டும்? இதனை நான் அறியாதவனல்லன். அறிந்தது வேளைக்கு உதவவில்லை. அந்த இளைஞனுக்கு நான் ஒருகாலத்தில் இட்ட குறைந்த புள்ளிகள் என் நினைவுக்கு வந்து உறுத்தின.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். இணுவில் கடந்தது, மருதனார்மடமும் கடந்தது. அம்மா நான் விரும்பியபடியே நன்றாகச் சாய்ந்திருந்தார். ஒரு சொல்லும் பேசவில்லை. பாட்டில் ஆழ்ந்துவிட்டார் என்று எனக்கு உள்ளூரப் பெருமை. சுன்னாகத்தை அண்மியபோது, "எப்பிடியம்மா, நல்லாய்க் கேக்குதோ?" என்று உரத்துக் கேட்டேன்.

"பாட்டு நல்லாய்த்தான் கேக்குது தம்பி. நீயும் பிள்ளையும் கதைக்கிறதுதான் கேக்கேல்லை" என்றார்.

நான் பெட்டியை நிறுத்தினேன். அம்மா உடனே முன்னே நகர்ந்து, முன்னாசனத்தின் முதுகில் கைகளை வைத்துக்கொண்டு, "பிள்ளை பள்ளிக்கூடத்தைப்பற்றி ஏதோ சொன்னவள், என்ன அது?" என்று கேட்டார்.

அவர் இதுவரை முன்னே வளைந்து வந்தது பாட்டுக்காக அன்று, எங்கள் பேச்சுக்காக! முதுமையில் செவி முதலில் இழப்பது உயர்ந்த மீடிறனுள்ள ஒலிகளையே. அதனால் குரல் கேட்டாலும் சொல் பிரிந்து விளங்குவதில்லை. அப்படிப்பட்டவரின் காதுக்குப் பின்னால் பாட்டை வைத்தால், முன்னிருந்து வரும் மெல்லிய பேச்சை அது மூடிவிடாதா? மின்கலத்தால் சோதிக்கத் தேவையில்லாத பிழை இது. ஒரு வார்த்தை கேட்டிருந்தாற் போதும், நான் கேட்கவில்லை.

அன்று திரும்பும்போது எனக்கு 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு நினைவுக்கு வந்தது. வலிகாமத்து மக்கள் யாவரும் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்த இரவு அது. பெற்றோல் கிடையாத அக்காலத்தில், சில துளி பெற்றோலால் எஞ்சினை முடுக்கி, பின் மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். அவ்வாறே இவ்வண்டியும் மழையில், சனக் கூட்டத்தின் நடுவே அடியடியாக ஊர்ந்தது. பதினைந்து வயதினனாகிய நான் ஐயாவின் பக்கத்தில் இருந்தேன். அம்மாவும் அப்பாச்சியும் அயல்வீட்டுக் குழந்தைகளும் பின்னால் இருந்தனர். இருளில் ஐயாவால் திரும்பிப் பார்க்க இயலவில்லை. இடைக்கிடையே, "எல்லாரும் இருக்கிறியளோ?" என்று மட்டும் கேட்பார். "இருக்கிறம்" என்று அம்மா விடை சொல்வார். நாவற்குழிப் பாலம் கடக்கும்வரை அவ்விரு குரல்களுமே எங்களுக்குத் துணை. அன்றும் அம்மாவின் கைகள் முன்னாசனத்தின் முதுகிலேயே இருந்தன.

ஒலிபெருக்கிகளை நான் கழற்றிவிடவில்லை. இப்பொழுது எங்களுக்குள் ஓர் ஒழுங்கு உண்டு. கோவிலுக்குப் போகும்போது பெட்டி மௌனமாயிருக்கும். மகள் கதை சொல்வாள். திரும்பும் வழியில் தெல்லிப்பழையோ மல்லாகமோ வந்ததும், கதை முடிந்து அவள் கண்ணயர்ந்துவிடுவாள். அப்பொழுது அம்மா தாமாகவே சாய்ந்துகொண்டு, "சரி தம்பி, இனிப் பாட்டைப் போடு" என்பார்.

அவர் சொல்லும்வரை நான் அந்தப் பெட்டியைத் தொடுவதில்லை.